தக்கலையில் இரண்டு படுக்கையறை வீடு: வாய்வழி தேடுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்திலிருந்து தக்கலைக் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஜூன் முதல் வாரம் பணியில் சேர வேண்டும். கணவர் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறார். மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி. இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு தேடினோம். நாகர்கோவிலில்தான் கிடைக்கும் என்கிறார்கள். தக்கலையில் ஒரு மாடி வீட்டின் புகைப்படங்களைத் தரகர் ஒருவர் அனுப்பினார். உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருக்கிறாராம், தம்பி பார்த்துக்கொள்கிறார். வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 90,000 ரூபாய். "நமக்குள் பத்திரமெல்லாம் எதற்கு? குடும்பஸ்தர்கள்தானே" என்கிறார் தம்பி. வேறு ஆள் வந்துவிடுவார், உடனே 10,000 ரூபாய் டோக்கன் அனுப்புங்கள் என்கிறார் தரகர். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்றும் கேட்டார். பணம் அனுப்பலாமா? அல்லது நாகர்கோவிலில் வீடு எடுத்துத் தினமும் போய்வரலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: (தக்கலையில் வசிக்கும் ஒரு பெண் வழக்கறிஞர்)

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தாயிரத்தை அனுப்ப வேண்டாம். வீட்டை நேரில் பார்க்காமல், உரிமையாளர் யார் என்று தெரியாமல், கைபேசி வழியாக ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. தரகர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் யாருடைய வீட்டுப் படத்தையோ காட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு, எண்ணை மாற்றிவிடும் மோசடி எல்லா ஊரிலும் நடக்கிறது. மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நாளை எண்ணுகிறவர்கள் அதில் எளிதாகச் சிக்குகிறார்கள். இந்தப் பதில் வருவதற்குள் அனுப்பிவிட்டு, பிறகு ஏமாற்று என்று தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்கிவைக்க அந்த முதல் சில மணி நேரம்தான் உதவும்.

வேறு ஆள் வந்துவிடுவார் என்றால் வரட்டும். இன்னொரு வீடு கிடைக்கும். அதை எங்கே தேடுவது என்பதைச் சொல்கிறேன்.

நீங்கள் அடுக்குமாடி தேடிக் கிடைக்காமல் போனதற்கு இந்த மண்ணின் அமைப்பே காரணம். கும்பகோணத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித் தெருவாக நிற்கும். நாலு தெரு நடந்தால் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை ஒன்றாவது கண்ணில் படும். கன்னியாகுமரி மாவட்டத்தின் இந்தப் பகுதியில், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் பக்கம் அப்படி இல்லை. இங்கே வீடு ஒரு தோட்டத்துக்கு நடுவே நிற்கும். பத்து சென்டோ இருபது சென்டோ, அதில் ஒரு கிணறு, சில தென்னைகள், ஒரு பலா, உள்ளே தள்ளி வீடு. எத்தனையோ ஊர்ப் பெயர்கள் 'விளை' என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள், விளை என்றால் தோட்டம்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லைக் கோடு மாறியது, குடியிருக்கும் வழக்கம் மாறவில்லை. அதனால் சாலையில் நின்று பார்த்தால் வாடகை வீடு எதுவும் தெரியாது. பலகையும் தொங்காது. (உங்களுக்குப் பழகிய தெருவாழ்க்கைதான் வேண்டும் என்றால் பத்மநாபபுரம் கோட்டைக்குள், அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விசாரியுங்கள். அங்கே வீடு காலியாவது அரிது. ஆனால் கேட்பதில் நஷ்டமில்லை.)

இங்கே வாடகைக்கு வருவது பெரும்பாலும் மாடிதான். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கென்றோ, நாளை மணமாகப்போகும் மகளுக்கென்றோ மேலே ஒரு தளம் கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் திரும்பி வரும் வரை பூட்டி வைப்பதற்குப் பதில் நல்ல குடும்பத்துக்கு விடுவார்கள். ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் "மகன் எப்போது ஊருக்கு வருகிறார்?" என்று கேளுங்கள். கேட்பது சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள். இந்த ஊரில் குடியிருப்பவர் நடு வருடத்தில் பெட்டியைக் கட்டும்படி ஆவதற்குப் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காததுதான் காரணமாக இருக்கிறது. சண்டையால் காலி செய்கிறவர்களைவிட அப்படிக் காலி செய்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட வீடுகள் இணைய விளம்பரத்துக்கு வருவது குறைவு. வாய்வழியாகவே வரும். இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கணவருடன் நேரில் வாருங்கள். ஆட்டோ நிறுத்தத்தில் கேளுங்கள், மருந்துக்கடையில் கேளுங்கள், காலையில் பால் வாங்க நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். உங்கள் கிளையில் ஏற்கெனவே வேலை செய்யும் உள்ளூர்க்காரர்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் மிகச் சிறந்த தரகர். "எங்கள் வங்கிக்கு மாற்றலாகி வரும் அம்மா, நாலு பேர் குடும்பம்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், பூட்டிக் கிடக்கும் மாடிகள் திறக்கும். தக்கலை பஸ் நிலையத்தைச் சுற்றி மட்டும் பார்க்காமல் புலியூர்க்குறிச்சி, திருவிதாங்கோடு, அழகியமண்டபம், இரணியல் வரை விரித்துப் பாருங்கள். குமாரகோவில் பக்கம் கல்லூரி இருப்பதால் மாணவர்களுக்கு அறை அறையாக விடும் வழக்கம் உண்டு. குடும்பத்துக்கு ஏற்ற வீடா, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்வழியாக வீடு கிடைப்பதில் ஒரு சிக்கலும் கூடவே வருகிறது. அறிமுகத்தின் பேரில் வீடு கொடுத்தவரிடம் பத்திரம் கேட்க நமக்கு நா எழாது. கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்று தயங்குவோம். உரிமையாளரின் தம்பி சொன்ன "நமக்குள் எதற்கு" என்ற சொல்லில் கபடம் இருக்க வேண்டியதில்லை. இங்கே மனதாரவே அப்படிச் சொல்வார்கள். அதனால்தான் நான் கூடுதலாக வற்புறுத்துகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியத் தம்பதி ஒருவர் என்னிடம் வந்தார்கள். மூன்று ஆண்டு ஒரே மாடியில் குடியிருந்தவர்கள். துண்டுக் காகிதம் கிடையாது. கீழ்வீட்டு அம்மா பண்டிகை நாள்களில் பாயசம் கொடுத்தனுப்புவார், இவர்கள் அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஜனவரியில் மகனுக்கு வெளிநாட்டில் வேலை போய்விட்டது. பிப்ரவரிக்குள் வீடு வேண்டும் என்றார்கள். காலி செய்த பிறகு அட்வான்ஸில் வெள்ளையடிப்புக்கு, கிணற்று மோட்டாருக்கு, கழிப்பறைக் குழாய்க்கு என்று பாதியைக் கழித்துக்கொண்டார்கள். எதை யார் செய்து தர வேண்டும் என்று பேசியதாக இரு தரப்புக்கும் நினைவு இருந்தது, ஆனால் இரண்டு நினைவும் வேறு வேறாக இருந்தன. பொய் சொன்னவர் யாரும் இல்லை. இரு குடும்பமும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேறு பூசை நேரத்துக்குப் போகத் தொடங்கினார்கள். அந்த அம்மாவே என்னிடம் பின்னொரு நாள் சொல்லி அழுதார். இரண்டு தாள் எழுதியிருந்தால் அந்த உறவு பிழைத்திருக்கும். சிறிய ஊரில் வழக்கில் வென்றாலும் தோற்றாலும் மறுநாள் காலை அதே முகத்தைத்தான் சந்தையில் பார்க்க வேண்டும்.

ஆகவே தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, நம்பிக்கை இருக்கிறது. ஆனால் சட்டமே எழுதச் சொல்கிறது. என் அலுவலகத்திலும் ஒப்பந்த நகல் கேட்பார்கள்." இரண்டும் உண்மை. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்தான் தமிழ்நாட்டில் நில உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான உறவை வகுக்கிறது. தக்கலை பத்மநாபபுரம் நகராட்சிக்குள் வருவதால் உங்களுக்கு அது பொருந்தும். அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். அரசு இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பதிவு செய்ததும் ஒரு பதிவு எண் தருவார்கள். பதிவில்லாத தாளை வைத்துக்கொண்டு பின்னால் வாடகை நீதிமன்றத்தில் உரிமை கேட்பது மிகக் கடினம்.

அட்வான்ஸ் பற்றி. அந்தச் சட்டத்தின் பொது விதி, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது. உங்கள் கணக்கில் 27,000 ரூபாய். ஆனால் அதே விதி 'ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தாலன்றி' என்று தொடங்குகிறது. அதாவது 90,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்ல முடியாது. பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். மூன்று மாதத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். நான்கிலோ ஐந்திலோ வந்து நின்றால் நான் குறை சொல்ல மாட்டேன். எந்தத் தொகையானாலும் வங்கி வழியாக, உரிமையாளரின் கணக்குக்கே போகட்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

பிடித்தம் என்ற சொல்லில்தான் சண்டை வரும். எந்தப் பழுது யாருடையது என்று சட்டத்தின் அட்டவணை ஒன்று பிரித்தே சொல்லியிருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னலுக்கு வர்ணம், குழாய்கள் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இங்குள்ள வீடுகளுக்கே உரிய சில விஷயங்கள் அந்த அட்டவணையில் இல்லை. அவற்றை நீங்கள் எழுத வேண்டும். கிணற்று மோட்டார் பழுதானால் செலவு யாருக்கு? கிணறு இறைத்துச் சுத்தம் செய்வது யார்? தேங்காய் பறிக்க ஆள் வரும்போது முன்கூட்டிச் சொல்வார்களா? முற்றத்தில் விழும் தேங்காயும் பலாப்பழமும் யாருக்கு? படிப்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு பலாப்பழத்தில் தொடங்கிய மனத்தாங்கல் என் அலுவலகப் படியேறி வந்ததைப் பார்த்தவள் நான்.

குடியிருக்கும் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. பதினொரு மாதம் என்று எழுதுவது இங்கும் வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். பதினொரு மாதம் எழுதினாலும், மகளின் படிப்பை முன்னிட்டு இன்னும் இரண்டு முறை புதுப்பிக்கப்படும் என்றும், ஒவ்வொரு முறையும் வாடகை எத்தனை சதவீதம் கூடும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். கல்வியாண்டின் நடுவில் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற வரியை என் கட்சிக்காரர்களுக்கு நான் எப்போதும் சேர்ப்பேன். இதுவரை எந்த உரிமையாளரும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தானே.

இனி அந்தக் குறிப்பிட்ட வீட்டுக்கு வருகிறேன். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். ஆனால் தம்பி என்பதாலேயே அவர் கையெழுத்துச் செல்லாது. ஒப்பந்தத்தை உரிமையாளருக்கு அனுப்பி அவரே கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் தம்பியிடம் இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீதையும் மின்கட்டண ரசீதையும் காட்டச் சொல்லி, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உரிமையாளருடன் ஒருமுறை காணொளி அழைப்பில் பேசிவிடுங்கள். தம்பி ஒன்று சொல்லி அண்ணன் வேறு நினைத்திருப்பது அப்போதே வெளியே வந்துவிடும்.

வரி விஷயத்தில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுபவருக்கு வாடகை கொடுத்தால், தொகை எத்தனை சிறியதானாலும், கொடுப்பவர் வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விகிதம் 30 சதவீதமும் அதன் மேல் கூடுதல் வரியும். உள்ளூர் உரிமையாளராக இருந்தால் மாதம் 50,000 ரூபாய்க்குக் கீழ் இந்தத் தொல்லையே இல்லை. நீங்கள் வங்கிக்காரர், வெளிநாடுவாழ் இந்தியர் தம் உள்நாட்டு வருமானத்துக்கு வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடகை அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். குடியேறுவதற்கு முன்பே ஒரு தணிக்கையாளரைக் கேட்டு, உரிமையாளருடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: 9,000 வீதம் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் ஆகிறது. பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பதாக இருந்தால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது உரிமையாளரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதைத் தருவாரா என்று இப்போதே கேளுங்கள், மார்ச் மாதம் கேட்டு மனம் வருந்த வேண்டாம்.

யாராவது "வாடகையே வேண்டாம், ஆறு லட்சம் ஒத்தி கொடுத்துவிட்டு இருங்கள்" என்று சொன்னால், வில்லங்கச் சான்று பார்க்காமல் தலையசைக்காதீர்கள். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் உங்கள் பணம் அதற்குப் பின்னால்தான் நிற்கும். ஒத்தியைப் பதிவு செய்துதான் எழுத வேண்டும், முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது போதாது. மூன்று ஆண்டில் மாற்றலாகப் போகிற உங்களுக்கு ஒத்தி வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டைப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? இங்கே கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் கும்பகோணத்துக் கண்ணுக்கு இது பழக்கமில்லாதது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. நான் திருமணமான புதிதில் குழித்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்கு மே மாதத்தில் குடிபோனேன். பளிச்சென்ற புது வர்ணம். ஜூன் இரண்டாவது வாரத்தில் படுக்கையறைச் சுவர் வியர்க்கத் தொடங்கியது. ஜூலையில் என் சட்டப் புத்தகங்களில் பூஞ்சை பூத்தது. வீடு மேட்டை வெட்டி அதன் ஓரத்தில் கட்டப்பட்டது, பின்சுவர் மண்ணோடு ஒட்டி இருந்தது. அதைக் கவனிக்க எனக்கு அன்று தெரியவில்லை. நீங்கள் கவனியுங்கள். வீட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையே ஆள் நடக்க வழி இருக்கிறதா? ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வர்ணம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அலமாரியைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டிப் பாருங்கள், ஈரவாடை பொய் சொல்லாது.

தண்ணீர். ஒவ்வொரு வீட்டிலும் கிணறு இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று உரிமையாளரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று நடந்து பாருங்கள். இருபது தப்படிக்குக் குறைவாக இருந்தால் அந்த வீட்டுத் தண்ணீரை உங்கள் மாமியாருக்குக் குடிக்கக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார்க்கச் சொல்லுங்கள். செம்பழுப்பாகப் படிந்தால் இரும்புச்சத்து அதிகம். துணியெல்லாம் நிறம் மாறும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புச்சுவையும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் பார்க்கும் பகுதி உள்ளே தள்ளி இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று முக்கியம்: உங்கள் தளத்துக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். மாடியும் கீழ்வீடும் ஒரே மீட்டரில் ஓடினால் இரண்டு குடும்பத்தின் செலவும் சேர்ந்து அந்தக் கோட்டை எளிதில் தாண்டும், இலவச யூனிட்டும் ஒருமுறைதான் கிடைக்கும். 'உள்மீட்டர் வைத்திருக்கிறோம், யூனிட்டுக்கு இவ்வளவு கொடுங்கள்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிணற்று மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். கணவர் வீட்டிலிருந்து வேலை செய்வதால் எந்த நிறுவனத்தின் இணையக் கம்பி அந்தத் தோட்டம் வரை வந்திருக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் விசாரித்துவிடுங்கள். கோடையில் பிற்பகல் இடிமின்னல் இங்கே கடுமையாக இருக்கும். எர்த் இணைப்புச் சரியாக இருக்கிறதா என்று ஒரு மின்பணியாளரை அழைத்துப் பார்த்துவிட்டுக் கணினியை மாட்டச் சொல்லுங்கள். கார் இருந்தால் தென்னைக்குக் கீழே நிறுத்த வேண்டாம்.

"என்ன ஆட்கள்?" என்ற கேள்விக்கு வருகிறேன். எத்தனை ஆண்டு கேட்டாலும் இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் மாவட்டம் என்று பெருமைப்படுகிற நாங்கள், வீட்டு வாசலில் மட்டும் இதைக் கேட்பதை விடவில்லை. நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. "வங்கியில் வேலை, நாலு பேர், மூன்று ஆண்டு இருப்போம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துருவுகிறவர் வீட்டில் குடியிருந்தால் அந்தத் துருவல் சமையலறை வரை வரும். தீண்டாமையின் பேரில் ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி ஏதேனும் நேர்ந்தால் தயங்காமல் எனக்கு எழுதுங்கள். உணவுப் பழக்கம் வேறு விஷயம். கீழே இருப்பவர்கள் மீனும் இறைச்சியும் சமைப்பார்கள், அல்லது நீங்கள் சமைப்பதை அவர்கள் விரும்பமாட்டார்கள் என்றால், அதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

குடிபோன பிறகு உரிமையாளர் வீட்டைப் பார்க்க வர விரும்பினால் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். என்ன மனக்கசப்பு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம், உடனே திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

நாகர்கோவிலா, தக்கலையா? சுமார் 15 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கும் குறைவில்லை. ஆனால் சாலை குறுகல், வண்டிகள் அதிகம், மழைநாளில் அந்த 15 கிலோமீட்டர் நீண்டுகொண்டே போகும். நாகர்கோவிலில் மின்தூக்கி உள்ள குடியிருப்புக் கிடைக்கும் என்பது ஒன்றுதான் அதன் பக்கம் இருக்கும் நியாயம். அந்த வசதிக்குப் பராமரிப்புக் கட்டணம் தனி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தக்கலையிலேயே கீழ்வீடாகத் தேடுவேன்.

கீழ்வீடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். தரகர் காட்டிய மாடிக்குப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று படத்தில் பாருங்கள். இங்குள்ள மாடி வீடுகளுக்கு வெளியே தனியாகப் படி வைத்திருப்பார்கள், பலவற்றுக்கு மேற்கூரை கிடையாது. ஜூன் மாதம் அதில் பாசி பிடித்தால் இளவயதுக்காரர்களே கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குவார்கள். முழங்கால் வலியுள்ள 72 வயதுப் பெரியவர் அந்த மாடியில் ஏறினால் பிறகு மழைக்காலம் முழுக்கக் கீழே இறங்கமாட்டார். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் நாலு சுவருக்குள் இருப்பார். வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்காக அதை விட்டுவிடுங்கள்.

ஜூன் முதல் வாரத்துக்குள் மனதுக்குப் பிடித்த வீடு அமையவில்லை என்றால் அவசரப்பட்டு எதிலும் நுழைய வேண்டாம். மகளின் பள்ளிச் சேர்க்கையை மட்டும் மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். நீங்களும் மகளும் ஒரு மாதம் பெண்கள் விடுதியிலோ, கிளையில் யாராவது தெரிந்தவர் வீட்டிலோ தங்கிக்கொண்டு, மாலை வேளைகளில் மழையோடு மழையாக வீடு பாருங்கள். ஒழுகும் கூரையும் வியர்க்கும் சுவரும் அப்போது தாமாகவே தெரியும். கணவரும் மாமியாரும் அதுவரை கும்பகோணத்தில் இருக்கட்டும். கீழ்வீடு அமைந்ததும், கழிப்பறையில் பிடிகம்பி பொருத்துவதையும் வாசற்படிக்குக் கைப்பிடி வைப்பதையும் குடியேறும் தேதிக்கு முன் முடித்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்த வேலை முடிந்ததை நேரில் பார்த்த பிறகு அத்தையை அழைத்துவாருங்கள்.